நாற்பத்தொரு பம்புச் சக்கரங்கள்

அச்சுவேலித் தொழிற்பேட்டையின் பின்வரிசைக் கொட்டிலில்
விளக்கைச் சரித்துப் பிடிக்கிறேன்.
நேராய்ப் பிடித்தால் வெண்கலம் பொய் சொல்லும்.
சரிந்த வெளிச்சத்தில்தான்
ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் முளைக்கும்.

மயிலிட்டிப் படகுகளின் இயந்திரத்தைக் குளிர்விக்கிற
பம்புச் சக்கரங்கள், ஆளுக்கு ஆறு இதழ்.
அறுபதில் நாற்பத்தொன்று
அம்மை போட்ட முகத்தோடு வந்திருக்கின்றன.

"அருள்நேசன் சூட்டைக் கூட்டிப்போட்டான்."
முதலாளி முதல் நாளே தீர்ப்பை எழுதிவிட்டார்.
ஊற்றியவன் கைதானே எல்லாருக்கும் கடைசியாய்த் தெரிந்த கை.
சம்பளத்தில் மூவாயிரம் வெட்டு.
அவன் ஒன்றும் கதைக்கவில்லை.
கையுறையை உதறி ஆணியில் கொழுவிவிட்டுப் போனான்.

சூடு செய்கிற காயம் இப்படி இராது.
எங்கள் தொழிலில் எல்லாம் தலைகீழ்:
ஓட்டில் இல்லாமற் போனது
உலோகத்தில் மேடாய் எழும்.
ஓட்டிலிருந்து பெயர்ந்து மிதந்து போனது
வேறெங்கோ ஒதுங்கிக் குழியாய்க் கிடக்கும்.
ஆகவே ஒரு களவுக்கு இரண்டு இடங்களில் தடயம்.

பூதக்கண்ணாடியோடு இரண்டு இரவு.
பதினேழாம் சக்கரம், மூன்றாம் இதழ்:
நெடுந்தீவு வடிவில் ஒரு தடிப்பு.
அதே சக்கரம், ஆறாம் இதழின் மேல்விளிம்பு:
அதே நெடுந்தீவு, கொஞ்சம் திரும்பி, பள்ளமாய்.
ஊசியால் கிண்டினால் வெள்ளைத் தூள்.

முதற்பூச்சு உதிர்ந்திருக்கிறது.
பிழை நடந்தது ஊற்றிய நாளில் அல்ல,
பன்னிரண்டு நாள் முந்தி,
மெழுகுக்கு முதற்சட்டை போட்ட அன்று.
அன்றைக்கு அருள்நேசன் தங்கச்சியின் கலியாணத்தில்
பந்தி பரிமாறிக்கொண்டு நின்றவன்.

பதிவுக் கொப்பியைப் புரட்டினேன்.
வாடைக்காற்று. ஈரம் எண்பத்தொன்று.
காய்ந்த நேரம் குறைவில்லை.
குழம்பு குவளையிலிருந்து வடிய
இருபத்தெட்டு செக்கன் ஆகவேண்டியது
நாற்பத்தாறு.
பக்கத்தில், நீல மையில்:
"தடிச்சுப்போச்சு. தண்ணி விட்டது. இப்ப சரி."

அது என் கையெழுத்து.

அன்றிரவு கரண்ட் இல்லை.
காய்ச்சி வடித்த நீர்க் கான் காலி.
கிணற்றில் ஒரு வாளி அள்ளினேன்.
தண்ணீர் என்றால் தண்ணீர்தானே.
எங்கள் ஊர்க் கேத்தல் ஒன்றின் அடியைப் பாருங்கோ:
சுண்ணக்கல் கரைந்து வந்து
வெள்ளைச் செதிலாய் ஒட்டியிருக்கும்.
தேத்தண்ணி அதை மன்னிக்கும்.
சிலிக்காக் கரைசல் மன்னிக்காது.
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கிற அதன் மணிகள்
சுண்ணாம்பைக் கண்டதும் கைகோத்துக்கொள்ளும்.
பிறகு மணலைப் பிடிக்கக் கை மிச்சமிராது.

ஆனாலும் உடனே போய்ச் சொல்லவில்லை.
சோதிக்கவேண்டும் என்றேன் எனக்கு நானே.
பயம் என்பதற்கு அது நல்ல மறுபெயர்.
இரண்டு ஜாம் போத்தல்.
ஒன்றில் வடித்த நீர், மற்றதில் கிணறு.
உலைச் சுவரின் இளஞ்சூட்டில் வைத்தேன்.
மூன்றாம் காலை
ஒன்று பாலாய் ஆடியது.
மற்றது கவிழ்த்தும் விழவில்லை,
நுங்கு மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது.

போத்தலை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.
"ஆர் தண்ணி விட்டது?"
"நான்தான்."
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.
மூவாயிரம் ஆள்மாறியது, என் கணக்கிலிருந்து.

இப்போது குழம்புத் தொட்டிக்கு மேலே
ஒரு மட்டை தொங்குகிறது:
கிணற்றுத் தண்ணி தேத்தண்ணிக்கு மட்டும்.
வாளி வேலிக்கு அப்பால்.
திங்களும் வியாழனும் ஜாம் போத்தல் பரீட்சை.
தடித்த குழம்பு இனி மண்ணுக்கு, மெழுகுக்கு அல்ல.

அருள்நேசன் நன்றி சொல்லவில்லை,
கோபப்படவும் இல்லை.
ஆணியிலிருந்து கையுறையை எடுத்தான்.
நல்லது என்று நான் ஒதுக்கிய குவியலைப்
பார்த்தபடி கேட்டான்:
"அதே குழம்புதானே.
அப்ப இந்தப் பத்தொன்பதும் எப்பிடித் தப்பினது?"

நாளைக்கு மயிலிட்டியிலிருந்து வாகனம் வரும்.
பத்தொன்பதையும் திரும்பப் பரப்பி
விளக்கைச் சரிக்கிறேன்,
இன்னும் கொஞ்சம்.